எந்தக் கோபுரம், தம்பி?

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் சித்தி பையன் போன வாரம் சோகமாக போன் செய்தான். “அக்கா, கேம் குரூப்ல டவுட் கேட்டேன். ஒருத்தர்கூட பதில் சொல்லலை!”

அவன் கேட்டது இதுதான்: “ப்ரோ, கேம் லேக் ஆகுது. அர்ஜென்ட். ஹெல்ப்!”

“டேய், உங்க ஊர்க் கோயில்ல 21 கோபுரம். வெளியூர்க்காரர் ஒருத்தர், ‘கோபுரத்துக்கிட்ட நிக்கிறேன், வழி சொல்லுங்க’ன்னா என்ன செய்வே?”

“எந்தக் கோபுரம்னு கேட்பேன்.”

“அதேதான்!”

குரூப்பில் பதில் சொல்பவர்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் நேரத்தை மதித்துக் கேளுங்கள்.

* முதலில் பழைய பதிவுகளில் தேடுங்கள்.
* போன் மாடல், ரேம், மீதி ஸ்டோரேஜ், பிரச்னை எப்போது ஆரம்பித்தது, என்னென்ன செய்து பார்த்தீர்கள் என எல்லாவற்றையும் ஒரே பதிவில் எழுதுங்கள். எரர் வந்தால் ஸ்கிரீன்ஷாட்.
* பிங் எவ்வளவு என்று சொல்லுங்கள். பிங் எகிறினால் பெரும்பாலும் நெட் பிரச்னை. பிங் சரியாக இருந்தும் திக்கினால் போனைக் கவனிக்க வேண்டும்.
* சரியானதும், எப்படிச் சரியானது என்று நன்றியோடு எழுதுங்கள். அடுத்து வருபவருக்கு உதவும்.
* “நான் சரி பண்ணித் தர்றேன்” என்று தனியே வந்து பாஸ்வேர்டு, ஓடிபி கேட்டால் கொடுக்கவே கூடாது. ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

தம்பி விவரமாகத் திருத்திக் கேட்டான். அன்று மாலையே பதில் வந்தது: “சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடாதீங்க. போன் சூடாகி வேகம் குறையுது.” அதுதான் காரணம்!

நேற்று குரூப்புக்குப் புதிதாக வந்த ஒருவர் “ஹெல்ப் ப்ரோ” என்றாராம். நம்மாள் கேட்டிருக்கிறான்: “எந்தக் கோபுரம் ப்ரோ?”