‘பார்ட்னர் ஆகணுமா? முதல்ல பணம் கட்டுங்க!’ - விற்றுத் தருபவரிடமே வசூலிப்பது சரியா?

குடுமியான்மலை வேளாண் கல்லூரியில் பட்டம் முடித்த ஓர் இளைஞருக்கு இப்படி ஒரு போன் வருவதாக வைத்துக்கொள்வோம். “எங்க இயற்கை உரத்துக்கு புதுக்கோட்டை மாவட்டத்துல நீங்கதான் சார் பிசினஸ் பார்ட்னர். ரிஜிஸ்ட்ரேஷன் 50 ஆயிரம் மட்டும் கட்டிடுங்க. ரெண்டே மாசத்துல எடுத்துடலாம்.”

பொருள் அவர்களுடையது. ஊர் ஊராக அலைந்து விற்கப்போவது இந்த இளைஞர். ஆனால், பணம் கட்டவேண்டியதும் அவர்தான். இது நியாயமா? சட்டம் என்ன சொல்கிறது? கட்டணம் கேட்கும் நிறுவனத்துக்காவது இதனால் லாபம் உண்டா?

ஏன் கேட்கிறார்கள்?

முன்பணம் கேட்கும் எல்லோரையும் மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. சிறு நிறுவனங்களுக்கு ஒரு நிஜமான பிரச்சினை இருக்கிறது. ஆளைப் பிடித்து, பயிற்சி கொடுத்து, சாம்பிள் பெட்டியையும் கையில் கொடுத்தால், அடுத்த வாரம் போனையே எடுக்கமாட்டார். “கைக்காசு போட்டாத்தான் பொறுப்பு வரும்” என்று முதலாளிகள் சொல்வது இந்த அனுபவத்தில்தான்.

ஆனால், கட்டணம் என்ற சல்லடை தவறான ஆளைத்தான் பிடித்துத் தரும். நன்றாக விற்கத் தெரிந்தவருக்கு நாலு இடத்தில் வேலை கிடைக்கும். அவர் எதற்காகப் பணம் கட்டி வரவேண்டும்? கட்டி வருபவர் பெரும்பாலும் வேறு வழி இல்லாதவர். நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ கட்டுபவர். இதில் வடிகட்டப்படுவது திறமை அல்ல, பணமும் அவசரமும்தான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பத்துப் பேர் தலைக்கு 50 ஆயிரம் கட்டினால் ஐந்து லட்சம் வந்துவிடும். ஒரு மூட்டை உரம்கூட விற்றிருக்க வேண்டாம். அப்புறம் அந்த நிறுவனம் உரம் விற்கப் பார்க்குமா, பதினோராவது ஆளைத் தேடுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, தொழிலின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டவர்களுக்கு இடையிலான உறவுதான் கூட்டாண்மை. கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும், நகல் எடுக்கவும் பங்குதாரருக்கு உரிமை உண்டு. எனவே, ‘பார்ட்னர்’ என்று அழைப்பவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, “கணக்கைக் காட்டுவீங்களா?” என்பதுதான். காட்டமாட்டார் என்றால் அவர் தேடுவது பங்குதாரரை அல்ல.

சரி, பார்ட்னர் இல்லை, ஏஜென்ட் என்கிறார்களா? 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், முகவரை நியமிக்க எந்தப் பிரதிபலனும் தேவையில்லை என்கிறது. முகவர் சட்டப்படி செய்த வேலையால் அவருக்கு இழப்பு வந்தால், அதை ஈடுகட்டும் பொறுப்பு அவரை நியமித்தவருக்கே. அதாவது, ரிஸ்க் முதலாளியுடையது என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. நுழைவுக் கட்டணம் அந்த ரிஸ்க்கைத் தூக்கி விற்பவர் தலையில் வைக்கிறது.

நேரடி விற்பனைக்கு விதிமுறை இன்னும் தெளிவு. மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல்களின்படி, விற்பனையாளராகச் சேர நுழைவுக் கட்டணமோ, செயல்விளக்கப் பொருட்களுக்கான பணமோ கேட்கக் கூடாது. ஆள் சேர்த்ததற்காக வருமானம் தரவும் கூடாது. 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் பிரமிட் திட்டங்களைத் தடை செய்தன. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடுக்கும் 1978-ம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

கோவையில் நடந்தது

மொபைலில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று சொன்ன ‘மைவி3 ஆட்ஸ்’ நிறுவனத்தின் உறுப்பினர் திட்டங்கள் 360 ரூபாயில் தொடங்கி 1,21,440 ரூபாய் வரை போயின. 2024 ஜனவரியில் கோவை போலீஸ் அதன்மீது வழக்கு பதிந்தது. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால், அந்த மாத இறுதியில் கோவை நீலாம்பூர் பக்கம் நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் அங்கே திரண்டார்கள். நிறுவனத்துக்கு எதிராக அல்ல, ஆதரவாக!

இதைப் பார்த்து “பேராசை” என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால், பணம் கட்டியவரின் நிலையில் நின்று பார்த்தால் அதில் ஒரு கணக்கு புரியும். நிறுவனம் நின்றால் போட்ட பணமும் நிற்கும். நுழைவுக் கட்டணத்தின் மோசமான விளைவு இதுதான். பணம் கட்டியவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, நிறுவனத்துக்காக வாதாட ஆரம்பித்துவிடுகிறார். தன் தங்கையையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துவிடுகிறார். போட்டதை எடுக்க வேண்டுமே!

தலைகீழாகவும் செய்யலாம்

ஆள் நிலைக்க வேண்டும் என்றால் அவருக்குப் பணம் கொடுப்பதும் ஒரு வழி. 2024 டிசம்பர் 9 அன்று தொடங்கப்பட்ட எல்.ஐ.சி.யின் ‘பீமா சகி’ திட்டத்தில், பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள் முகவராகலாம். கமிஷனோடு முதல் ஆண்டில் மாதம் 7,000 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 6,000, மூன்றாம் ஆண்டில் 5,000 உதவித்தொகை. பாலிசி இலக்கு உண்டு. அதை எட்டாவிட்டால் தொகை நிற்கும். பொறுப்பை வரவைக்க இப்படியும் வழி இருக்கிறது.

பணம் போட்டுத்தான் பங்குதாரர் ஆகவேண்டும் என்றால், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தைப் பாருங்கள். விவசாயி அங்கே பங்குத்தொகை கட்டுகிறார். பதிலுக்கு அவருக்கு உரிமையும் பொதுக்குழுவில் ஓட்டும் கிடைக்கின்றன. 2020-ல் தொடங்கிய 10,000 உழவர் நிறுவனங்கள் திட்டத்தில், தலைக்கு 2,000 ரூபாய் வரை மத்திய அரசும் இணையான மானியம் தருகிறது. பங்கு என்றால் அது. 50 ஆயிரத்துக்கு ஒரு ஐடி கார்டும் வாட்ஸ்அப் குரூப்பும் கிடைப்பது பங்கு அல்ல.

எந்தப் பணம் ஓகே?

எல்லா முன்பணமும் தப்பில்லை. கையில் கொடுக்கும் சரக்குக்கு ஈடாக, திரும்பத் தரக்கூடிய டெபாசிட், ரசீதுடன்: சரி. மொத்த விலைக்குச் சரக்கு வாங்கி, விற்காததைத் திருப்பித் தரலாம் என்ற எழுத்துபூர்வ ஒப்பந்தம்: சரி. முகவர் தேர்வுக்கான கட்டணம், உரிமத்துக்கு அரசுக்குக் கட்டும் கட்டணம்: சரி. பிரான்சைஸ் கட்டணம் மட்டும் கொஞ்சம் சிக்கல். இந்தியாவில் அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. அதனால் என்ன கிடைக்கும், எப்போது விலகலாம், எவ்வளவு திரும்பும் என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

விற்பனையில் கைதேர்ந்த ஒருவர், தன் சேவைக்காக நிறுவனத்திடம் முன்பணம் கேட்பது வேறு விஷயம். அவர் விற்பது தன் நேரத்தை. சிறு தொகை நிலையாக, மீதி விற்பனைக்கு ஏற்ப என்று பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

குடுமியான்மலை இளைஞரிடம் திரும்புவோம். பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்கே வேளாண்மை போன்ற படிப்புத் தகுதி கேட்கிறார்கள். அந்தப் பட்டமும், எந்த ஊரில் எந்த மண், எந்தப் பயிர் என்ற அறிவும், அவரை நம்பும் விவசாயிகளும் நிறுவனத்திடம் இல்லாதவை. அவர் ஏற்கெனவே தன் முதலைப் போட்டுவிட்டார். இனி நிறுவனம்தான் போடவேண்டும்.

அதனால் போனில் பேசுபவரிடம் ஒன்று கேட்டால் போதும்: “சார், அந்த 50 ஆயிரத்தை என் முதல் கமிஷன்ல பிடிச்சுக்குறீங்களா?” பொருள்மீது நம்பிக்கை உள்ளவர் பேச்சைத் தொடர்வார். மற்றவர் போனை வைத்துவிடுவார். ஏற்கெனவே ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்கள்.