இருக்கிறது, ஆனால் கிடைக்காது

ஜாவாவில் ஒரு ஹேஷ்மேப் எடுத்துக்கொள்ளுங்கள். 1 என்ற ஒரே எண் உள்ள அர்ரேலிஸ்டைச் சாவியாக்கி, ஏதாவது ஒரு மதிப்பைப் போட்டு வையுங்கள். பிறகு அந்த லிஸ்டில் 2-ஐயும் சேருங்கள். இப்போது அதே லிஸ்டைக் காட்டி மதிப்பைக் கேட்டால், மேப் 'நல்' என்று கையை விரிக்கும். எத்தனை பதிவு இருக்கிறது என்றால் 1 என்கிறது. அச்சிட்டால் சாவியும் மதிப்பும் கண்ணெதிரே வந்து நிற்கின்றன!

ஹேஷ்மேப் தேடி அலைவதில்லை, கணக்குப் போட்டு நேராகப் போகிறது. 1 மட்டும் இருந்தபோது லிஸ்டின் ஹேஷ்கோடு 32. தொடக்கத்தில் மேப்புக்கு 16 அறைகள். 32-ஐ 16-ஆல் வகுத்தால் மீதி 0, ஆகவே 0-ஆம் அறை. 2-ஐச் சேர்த்ததும் ஹேஷ்கோடு 994, மீதி 2. பொருள் 0-ஆம் அறையில் கிடக்க, மேப் 2-ஆம் அறையைத் திறந்து பார்க்கிறது. சரி, 1 மட்டும் உள்ள புது லிஸ்டைக் கொடுத்துக் கேட்டால்? அறை சரியாக வரும்; ஆனால் உள்ளே இருக்கும் சாவியில் இப்போது இரண்டு எண்கள், ஒப்பீடு தோற்கும். அந்தப் பக்கமும் கதவடைப்பு.

பைத்தானில் இந்தக் கூத்தே கிடையாது. லிஸ்டைச் சாவியாக நீட்டினால் வாசலிலேயே டைப்எரர். டியூபிள் உள்ளே போகலாம், அதற்குள் லிஸ்ட் ஒளிந்திருந்தால் அதுவும் போக முடியாது. கோ மொழியில் ஸ்லைஸைச் சாவியாக வைத்தால் கம்பைலே ஆகாது. ஜாவாவோ ஆவணத்தில் ஓர் எச்சரிக்கையை எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. எனக்குப் பைத்தானின் முரட்டுத்தனமே பிடிக்கிறது.

லிஸ்டை யாரய்யா சாவியாக வைப்பார்கள் என்பீர்கள். லிஸ்டை விடுங்கள், டேட்டாபேஸ் என்டிட்டியைப் பாருங்கள். ஹேஷ்கோடு ஐடியை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்று வையுங்கள். ஐடியைத் தருவதோ டேட்டாபேஸ். சேமிக்கும் முன்பே என்டிட்டியை ஹேஷ்செட்டில் போட்டால், சேமித்ததும் ஐடி வந்து ஹேஷ்கோடு மாறிவிடும். இருக்கிறதா என்றால் இல்லை என்கிறது. நீக்கச் சொன்னாலும் நீக்காது. எக்ஸெப்ஷன் எதுவும் வராததால் லாகில் தேடியும் பயனில்லை.

ஜாவா 16-இலிருந்து ரெக்கார்ட் இருக்கிறது, சாவிக்கு அதைப் பயன்படுத்துங்கள். அதற்குள் லிஸ்ட் வைக்க நேர்ந்தால், கன்ஸ்ட்ரக்டரிலேயே மாற்ற முடியாத நகலாக்கி வையுங்கள். ரெக்கார்ட் அதை உங்களுக்காகச் செய்துதராது.