பூ அலங்காரம் இருக்கட்டும்... ஸ்டியரிங் ஆடுதா, பார்த்தீங்களா?

முகூர்த்த நாள் வந்துவிட்டால் மதுரையில் பழைய அம்பாசிடர்களுக்கு மவுசுதான். பானட்டில் ரோஜா, கதவோரம் மல்லிகைச் சரம், பின் சீட்டில் மாப்பிள்ளையும் பொண்ணும். பெயின்ட்டுக்கும் சீட் கவருக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்கள், வண்டிக்கு அடியில் மட்டும் குனிந்து பார்ப்பதில்லை. 'ஸ்டியரிங் லேசா ஆடும், பழைய வண்டின்னா அப்படித்தான்' என்று டிரைவரும் பழகிப்போகிறார்.

அப்படியெல்லாம் இல்லை. ஆடுகிறது என்றால் ஏதோ தேய்ந்திருக்கிறது.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரிலிருந்து பிறந்ததுதான் அம்பாசிடர். மேற்கு வங்கத்தின் உத்தரப்பாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றது. கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது!

இதன் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. காரின் நீளவாக்கில் கிடக்கும் 'டார்ஷன் பார்' என்ற எஃகுக் கம்பி முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்குகிறது. சக்கரம் திரும்புவது, நிமிர்ந்து நிற்கும் ஒரு பின்னைச் சுற்றி. பட்டறைகளில் கிங் பின் என்பார்கள். பழைய மாடல்களில் அதன் இரு முனையிலும் மரை உண்டு. மரைக்குள் கிரீஸ் இருக்கும்வரை கவலையில்லை. உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துப் புழுதி உள்ளே புகுந்து, கிரீஸும் காய்ந்தால் இரும்பை இரும்பு தின்னும். மரை முழுக்கத் தேய்ந்தால் பின் கழன்று, சக்கரம் அப்படியே மடங்கிவிடும். மண்டப வாசலில் வண்டியைத் திருப்பும்போது நடந்தால் அவமானத்தோடு போகும். நான்கு வழிச் சாலையில் நடந்தால்?

சோதிப்பது சுலபம். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், உள்ளே ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் பக்கம் கோளாறு. பக்கவாட்டில் பிடித்து அசைத்து ஆடினால் டை ராடு எண்டு அல்லது ஸ்டியரிங் ராக்கைப் பார்க்கலாம். ராக்கின் ரப்பர் உறை கிழிந்திருந்தால், உள்ளே மண் போயிருக்கும்.

மாற்றுவது என்று இறங்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது. காசை மிச்சம் பிடிக்க ஒரு பக்கம் மட்டும் மாற்றினால், அடுத்த மாதம் மறுபக்கத்துக்கு அதே கூலி. டார்ஷன் பார் முறுக்கேறி நிற்கும் கம்பி. யூடியூப் பார்த்துக் கழற்றுகிற வேலை அல்ல, அனுபவக் கை வேண்டும். கழற்றும் முன் அடையாளம் போட்டுக்கொள்ளாவிட்டால், வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இடதுபக்கக் கம்பியை வலதுக்கு மாற்றிப் போடவும் கூடாது.

புஷ் விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி. ரப்பர் பாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் இங்கே நிறைய. பழைய புஷ்ஷை மாதிரிக்குக் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது, ரப்பரின் கடினமும் ஒத்துவர வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நட்டை இறுக்கிவிடுவதுதான் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, சீக்கிரமே கிழிந்துவிடும். தரையில் வண்டியின் முழு பாரமும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு.

அப்புறம் வீல் அலைன்மென்ட். அதைப் பார்க்காமல் ஓட்டினால், புது டயரும் ஓரம் தேய்ந்து வந்து நிற்கும்.