வர்த்தமானியில் வராத மாற்றங்கள்

சட்டமொன்று திருத்தப்படும்போது அது பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டு, மும்மொழிகளிலும் அச்சிடப்பட்டு மக்களின் பார்வைக்கு வருகின்றது. ஆனால் அரச அலுவலகக் கணினிகளில் இயங்கும் மென்பொருள் மாற்றப்படும்போது அத்தகைய அறிவிப்பு எதுவும் வருவதில்லை. பெயரை எவ்வாறு பதிய வேண்டும், எந்த விவரம் கட்டாயமானது, யார் அதனைப் பார்க்கலாம் என்பனவெல்லாம் ஓரிரவில் மாறிவிடலாம். டிஜிட்டல் அடையாள அட்டை குறித்த விவாதங்களில் தமிழ், முஸ்லிம் மக்கள் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி இதுவேயாகும்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைப் பார்வையிடவும் பிழையைத் திருத்தவும் குடிமகனுக்கு உரிமை வழங்குகின்றது. இயந்திரம் மட்டும் எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கோரவும் அதில் இடமுண்டு. இனம், மதம், உயிரளவை அடையாளங்கள் ஆகியவற்றை விசேட பாதுகாப்புக்குரியனவாக அது வகைப்படுத்துகின்றது. மீறல் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம். ஆயினும் அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வரவிருந்த தறுவாயில் ஒத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டே நிறைவேற்றப்பட்ட திருத்தச் சட்டம் முன்னைய காலக்கெடுவை நீக்கி, திகதியைக் குறிக்கும் பொறுப்பை அமைச்சரிடம் விட்டது. தரவைத் திரட்டும் திட்டங்கள் விரைந்து முன்னேற, அதனைக் காக்கும் சட்டம் பின்தங்கியமை கவலைக்குரியது.

திருகோணமலை மாவட்டத்து மக்களுக்கு இது ஏட்டளவிலான பிரச்சினை அன்று. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் 2006 ஆம் ஆண்டின் மூதூர் இடம்பெயர்விலும் ஆவணங்களை இழந்த குடும்பங்கள் பல. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் வேறொன்று என ஒருவரே மூவராகிவிடும் நிலையும் புதிதல்ல. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் தமிழருக்கும், குடும்பப் பெயர் வழக்கமில்லாத முஸ்லிம்களுக்கும், ‘முதற்பெயர், இறுதிப்பெயர்’ என்னும் இரு கட்டங்கள் பொருந்துவதில்லை. காகிதத்தில் உள்ள பிழையைச் சத்தியக் கடதாசியால் சரிசெய்யலாம். பல திணைக்களங்களும் ஒரே பதிவை நம்பும் முறைமையில் பிழை எல்லா வாசல்களையும் ஒருங்கே மூடிவிடும்.

2023 ஆம் ஆண்டின் அஸ்வெசும திட்டம் இதற்கொரு முன்னறிவிப்பு. 22 குறிகாட்டிகளின்படி புள்ளியிடப்பட்டு பயனாளிகளின் பட்டியல் வெளியானபோது, நாடெங்கும் இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். எந்தப் புள்ளி எவ்வாறு இடப்பட்டது என்பதை விளங்கிக்கொள்வது விண்ணப்பித்தவருக்கே கடினமாயிருந்தது.

பட்டியல்களைப் பற்றிச் சிறுபான்மையினர் கொண்டுள்ள அச்சத்துக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1983 ஜூலையில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களுடன் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றன. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம்களின் வீடுகள் பரவலாகச் சோதனையிடப்பட்டன. ஆகவே, இனமும் மதமும் பதியப்பட்ட தரவை யார் பார்க்கின்றார் என்ற கேள்வியை வீண் சந்தேகம் என ஒதுக்க முடியாது.

மென்பொருளைப் புதுப்பிக்கவே கூடாது என்பது இதன் பொருளன்று. 2023 ஆம் ஆண்டில் அரசாங்க மின்னஞ்சல் வலையமைப்பு கப்பம் கோரும் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவுகள் மீட்க முடியாதவாறு அழிந்தன. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் காலாவதியான மென்பொருள் அப்போதும் பயன்பாட்டில் இருந்தது. எனவே புதுப்பிப்பு அவசியமே. அது பகிரங்கமாக நிகழ வேண்டும் என்பதே கோரிக்கை.

2025 ஏப்ரல் 5 ஆம் திகதி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியின் விஜயத்தின்போது, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்படிக்கையும் டிஜிட்டல் ஒத்துழைப்பு உடன்படிக்கையும் ஒரே நாளில் கைச்சாத்தாகின. 1987 ஆம் ஆண்டின் ஒப்பந்தக் கடிதங்கள் தொடக்கம் சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றி ‘என்ன கைச்சாத்தானது’ எனக் கேட்டுவந்த மாவட்டம் இது. குதங்களுக்காகக் கேட்ட கேள்வியைத் தரவுக்காகவும் கேட்டல் வேண்டும். இந்திய நிதியுதவியுடனான அடையாள அட்டைத் திட்டத்துக்குத் தெரிவான மொசிப் என்னும் தளம் திறந்த மூலநிரலைக் கொண்டது. நிரல் திறந்திருப்பது நன்று. ஆனால் கிண்ணியாவின் மீனவருக்கும் குச்சவெளியின் விவசாயிக்கும் நிரலைக் காட்டிலும் தமிழில் எழுதப்பட்ட ஓர் அறிவித்தலே பயன்தரும்.

எனவே மூன்று ஏற்பாடுகள் இன்றியமையாதவை. முதலாவதாக, மக்களின் உரிமையைப் பாதிக்கும் ஒவ்வொரு மென்பொருள் மாற்றமும் நடைமுறைக்கு வருமுன் மும்மொழிகளிலும் அறிவிக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, எஸ்தோனியாவில் உள்ளவாறு, தன் தரவை எந்த அரச நிறுவனம் பார்த்தது என்பதைக் குடிமகன் அறிய வழி வேண்டும். மூன்றாவதாக, பிழையைத் திருத்தும் அதிகாரமுள்ள, தமிழில் கருமமாற்றக்கூடிய அலுவலர் ஒருவர் பிரதேச செயலகத்திலேயே இருத்தல் வேண்டும். கொழும்புக்குப் பேருந்தேறும் அவலம் டிஜிட்டல் யுகத்திலும் தொடரலாகாது.

எமது பாராளுமன்ற உறுப்பினர்களும் சிவில் அமைப்புகளும் இக்கோரிக்கைகளை இப்போதே முன்வைத்தல் வேண்டும். அட்டை கைக்கு வந்த பின்னர் எழுப்பப்படும் குரல், முறைப்பாடாக மட்டுமே பதிவாகும்.