காணாமற்போன கடையும் கைபேசியின் உரிமையாளரும்

திறன்பேசியில் பிளே ஸ்டோர் காணப்படவில்லை என்றால் அதைப் பழுதாகக் கருதுவதே வழக்கம். விவரமறிந்த மாணவரிடமோ பழுது நீக்கும் கடைக்காரரிடமோ கைபேசி ஒப்படைக்கப்படுகிறது. பல வேளைகளில் அது பழுதுகூட அன்று. அமைப்புகளுக்குள் சென்று, செயலிகளின் பட்டியலில் முடக்கப்பட்டுக் கிடக்கும் பிளே ஸ்டோரை மீண்டும் இயக்கினால் போதும். ஆனால் கடை உண்மையாகவே இல்லாத கைபேசிகளும் உள்ளன. சீன உள்நாட்டுச் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்டவை, 2019க்குப் பிந்தைய ஹுவாவே கைபேசிகள், உரிமையாளரே கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டவை ஆகியன அத்தகையவை. அவற்றில் கடையை நிறுவ முற்படுவோர் சந்திக்கும் தடைகள் தொழில்நுட்பத் தடைகளாகவே தோற்றமளிக்கின்றன. உற்றுநோக்கினால் அவற்றுள் முதன்மையானவை உரிமத்தின் தடைகள். விலை கொடுத்து வாங்கிய கருவியில் எதை நிறுவலாம் என்பதை முடிவு செய்பவர் யார் என்னும் கேள்வி அத்தடைகளுக்குள் அடங்கியுள்ளது. இந்தியாவில் அக்கேள்வி நுகர்வோர் குறையாக மட்டுமே பேசப்படுகிறது. அது குடிமையுரிமைக் கேள்வியாகப் பேசப்பட வேண்டும்.

முதலில் கடை எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காணலாம். ஆண்ட்ராய்டின் அடிப்படை மூலநிரல் திறந்தது. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பிளே ஸ்டோர் அதன் பகுதி அன்று. அது கூகுளின் தனியுரிமை மென்பொருள். உற்பத்தியாளர்களுக்கு ஒப்பந்தத்தின்பேரில் உரிமமாக வழங்கப்படுகிறது. மேலும் அது தனித்து நிற்கும் செயலியும் அன்று. அதற்கு அடியில் கூகுள் சர்வீசஸ் பிரேம்வொர்க், பிளே சர்வீசஸ் ஆகிய அடுக்குகள் இருந்தாக வேண்டும். அவ்வடுக்குகள் இயங்கத் தேவையான சிறப்பு அனுமதிகள், கைபேசியின் இயங்குதளம் உருவாக்கப்படும்போதே வழங்கப்படுபவை. பிற்பாடு நிறுவப்படும் சாதாரணச் செயலிக்கு அவை கிட்டா. எனவே கடையின் ஏபிகே கோப்பை மட்டும் பதிவிறக்கி நிறுவினால், சின்னம் திரையில் தோன்றும். தொட்டவுடன் திறந்து மூடிக்கொள்ளும்.

அடுக்குகள் அனைத்தையும் முறையாக ஏற்றினாலும் இன்னொரு வாசல் எஞ்சியிருக்கிறது. கருவி சான்றளிக்கப்பட்டதா என்று கூகுளின் வழங்கி சரிபார்க்கிறது. 2018 முதல், சான்று பெறாத கருவிகளில் கணக்குக்குள் நுழைவதே தடுக்கப்படுகிறது. தாமே இயங்குதளத்தை மாற்றிக்கொண்டோர் தம் கருவியின் அடையாள எண்ணைப் பதிந்துகொள்ளக் கூகுளே ஒரு பக்கத்தையும் அமைத்துள்ளது. அங்குப் பதிந்தபின் அதே கைபேசியில் அதே கடை இயங்குகிறது. கருவியின் வன்பொருளில் ஒரு மாற்றமும் நிகழவில்லை. வாயிற்காவலரின் ஏட்டில் ஒரு வரி சேர்ந்தது, அவ்வளவே.

இதன் கூர்மையான சான்று ஹுவாவேயின் வரலாறு. 2019 மே மாதம் அமெரிக்க வணிகத்துறை அந்நிறுவனத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான மேட் 30 வரிசை, கூகுளின் கடையும் சேவைகளும் இல்லாமலே வந்தது. சில நாட்களில் எல்இசட்பிளே என்னும் செயலி ஒன்று பரவியது. அதை நிறுவி, அது கேட்கும் நிர்வாக அனுமதியை அளித்தால் சில நிமிடங்களில் பிளே ஸ்டோர் வந்துவிடும். உலகெங்கும் பலர் மகிழ்ந்தனர். அக்டோபர் தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு மென்பொருளாளர் ஜான் வூ அதை ஆராய்ந்து, வெளிப்படையாக ஆவணப்படுத்தப்படாத உயர் அனுமதிகளை அச்செயலி பயன்படுத்துவதை எடுத்துக்காட்டினார். உடனே அச்செயலியை வழங்கிய தளம் மறைந்தது. தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஹுவாவே கூறியது. அதுவரை கூகுளின் பாதுகாப்புச் சோதனையில் தேறிய அக்கைபேசிகள் அதன்பின் தேறவில்லை. முறையான வாசல் அடைக்கப்படும்போது மக்கள் கடையின்றி இருந்துவிடுவதில்லை. முன்பின் அறியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியையே கொடுத்து உள்ளே செல்லும் வழியைத் தேடுகிறார்கள். தடையே ஆபத்தைப் பிறப்பிக்கும் இடம் இது.

இந்தியாவில் இப்பொருள் சட்டத்தின்முன் வந்த விதம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியது. 2018இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் கூகுளுக்கு எதிரான முறையீட்டை அளித்தோர் பெருநிறுவனங்களின் வழக்கறிஞர்கள் அல்லர். இரண்டு இளநிலை ஆய்வாளர்களும் ஒரு சட்ட மாணவருமே. அதன் விளைவாக 2022 அக்டோபர் 20 அன்று ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்தைவிட முக்கியமானவை அதனுடன் வந்த நெறியுரைகள். பிற செயலிக்கடைகள் பிளே ஸ்டோர் வழியாகவே விநியோகிக்கப்பட இடமளிக்க வேண்டும் என்பது ஒன்று. கடைக்கு வெளியிலிருந்து செயலிகளை நிறுவுவதைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது மற்றொன்று. முன்நிறுவப்பட்ட செயலிகளை நீக்க அனுமதிக்க வேண்டும் என்பது இன்னொன்று.

2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுமச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் நெறியுரைகளில் நான்கை நீக்கிவிட்டது. மேற்சொன்ன மூன்றும் அந்நான்கினுள் அடங்கும். தொகை நிலைத்தது, வாசல் திறக்கவில்லை. 2024 அக்டோபரில் அமெரிக்காவில் எபிக் நிறுவனம் தொடுத்த வழக்கில், போட்டிக் கடைகளைப் பிளே ஸ்டோருக்குள் அனுமதிக்குமாறு கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் இருதரப்பும் சமரசத்தை முன்வைத்தன என்பது வேறு. இந்திய ஆணையம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டது மிகையான கோரிக்கை அன்று என்பதை அவ்வாணை உணர்த்துகிறது.

வாசல் ஒருவர் கையில் இருப்பதன் பொருளை 2024 மார்ச் 1 எடுத்துக்காட்டியது. கட்டண முறை தொடர்பான பிணக்கில் நௌக்ரி, 99ஏக்கர்ஸ், ஷாதி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி முதலான பல இந்தியச் செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து ஒரே நாளில் நீக்கப்பட்டன. ஒன்றிய அமைச்சர் தலையிட்டபின் சில நாட்களில் அவை திரும்பின. கட்டணப் பிணக்கில் எத்தரப்பில் நியாயம் உள்ளது என்பது தனி விவாதம். வேலை தேடுபவரும் வீடு தேடுபவரும் பயன்படுத்தும் செயலிகள் ஒரு நிறுவனத்தின் முடிவால் மறைந்து, ஓர் அமைச்சரின் அழைப்பால் திரும்பும் ஏற்பாட்டில், பயனரின் இடம் எங்கே என்பதே இங்குக் கேள்வி.

இது தனியார் சந்தையோடு நின்றிருந்தால் சந்தை விவகாரம் என்று விட்டுவிடலாம். ஆனால் கடந்த பத்தாண்டுகளில் இந்திய அரசு தன் கடமைகளைச் செயலிகளுக்கு மாற்றிவிட்டது. ஊரக வேலை உறுதித் திட்டப் பணியிடங்களில் வருகைப்பதிவு 2023 ஜனவரி 1 முதல் என்எம்எம்எஸ் செயலி வழியாகக் கட்டாயமாக்கப்பட்டது; நாளுக்கு இருமுறை இடக்குறிப்புடன் கூடிய புகைப்படம் பதிவேற்றப்படாவிட்டால் கூலி கேள்விக்குள்ளாகிறது. அங்கன்வாடிப் பணியாளர்கள் 2021 முதல் போஷன் டிராக்கரில் பதிந்துவருகிறார்கள். இச்செயலிகள் மக்களைச் சென்றடையும் முதன்மை வழி பிளே ஸ்டோர். ஆக, அரசுக்கும் குடிமகனுக்கும் இடையிலான கதவில் அமெரிக்க நிறுவனமொன்றின் சான்றிதழ் தொங்குகிறது. அந்தச் சான்று இல்லாத கைபேசியை வைத்திருப்பவர் தன் உழைப்புக்கான சான்றையும் இழக்க நேரலாம்.

ஜியோபோன் இதன் இன்னொரு முகம். 2017இல் அறிமுகமான அக்கருவி ஆண்ட்ராய்டில் இயங்குவதன்று. கைஓஎஸ் என்னும் வேறொரு தளத்தில் இயங்குவது. பத்துக் கோடிக்கும் மேல் விற்றதாக நிறுவனமே அறிவித்த அக்கருவியில் பிளே ஸ்டோரை எந்த உத்தியாலும் நிறுவ முடியாது. 2020 மே மாதம் ஆரோக்கிய சேது செயலியை அதற்கெனத் தனியே உருவாக்க வேண்டியிருந்தது. நாடு பெருந்தொற்றில் இருந்ததால் அரசு அன்று அதைச் செய்தது. என்எம்எம்எஸ் போன்றவற்றுக்கு அந்த அக்கறை காட்டப்படவில்லை.

மறுதரப்பின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. போக்குவரத்து அபராத அறிவிப்பு, திருமண அழைப்பிதழ், விவசாயிகளுக்கான உதவித்தொகை என்னும் பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை நிறுவி வங்கிக் கணக்கை இழந்தவர்கள் நாடெங்கும் உள்ளனர். அத்தகைய கோப்பு குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைப் பெற்று ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கவர்கிறது. கடைக்கு வெளியிலிருந்து நிறுவுவதை முற்றிலும் திறந்துவிட்டால் முதலில் பாதிக்கப்படுவோர் எழுத்தறிவும் எண்ணிம அறிவும் குறைந்தவர்களே. 2024இல் கூகுள் இந்தியாவில் தொடங்கிய சோதனை முயற்சி, உலாவியிலிருந்தும் செய்திச் செயலிகளிலிருந்தும் வரும் இத்தகைய கோப்புகளைத் தானாகத் தடுக்கிறது. அதன் பயனை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இவ்வாதம் இரண்டைக் குழப்புகிறது. ஆபத்தான அனுமதியைத் தடுப்பது ஒன்று. கடை எது என்பதை ஒருவரே தீர்மானிப்பது வேறொன்று. முன்னதற்குப் பின்னது தேவையில்லை. ஒற்றை வாசல் பாதுகாப்புக்கு உறுதி அளித்ததும் இல்லை. 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை 2,200க்கும் மேற்பட்ட கடன் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கடன் வாங்கியவர்களின் தொடர்புப் பட்டியலைக் கவர்ந்து மிரட்டிய செயலிகள் பல, சான்றளிக்கப்பட்ட அக்கடையின் வழியாகவே கைபேசிக்குள் நுழைந்தவை. மறுபுறம், 2010 முதல் இயங்கிவரும் எஃப்-டிராய்டு என்னும் கட்டற்ற செயலிகளின் களஞ்சியம், மூலநிரலைப் பெற்றுத் தானே தொகுத்து வழங்குகிறது. அந்நிரலை எவரும் படித்துச் சரிபார்க்கலாம். நம்பகத்தன்மைக்குப் பல வழிகள் உண்டு. வணிக உரிமம் அவற்றுள் ஒன்றே.

அவ்வழிகள் இப்போது இன்னும் குறுகுகின்றன. சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவப்படும் எச்செயலியின் படைப்பாளரும், அவர் பிளே ஸ்டோருக்கு வெளியே வழங்கினாலும், தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிய வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும், 2027 முதல் ஏனைய நாடுகளிலும் இதை நடைமுறைப்படுத்துவது திட்டம். தன் இருப்பே இதனால் முடிவுக்கு வரலாம் என்று எஃப்-டிராய்டு எச்சரித்தது. எதிர்ப்புக்குப்பின், அனுபவமுள்ள பயனர்களுக்குத் தனி வழி ஒன்று அமைக்கப்படும் என்று நவம்பரில் கூறப்பட்டது. அந்த வழி எவ்வளவு அகலம் என்பதையும் கூகுளே தீர்மானிக்கும்.

இதற்கு மாற்று, அரசே வாயிற்காவலராவது அன்று. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத்துறை, புதிய கைபேசிகள் அனைத்திலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்நிறுவ ஆணையிட்டது. கடும் எதிர்ப்புக்குப்பின் டிசம்பர் 3 அன்று அதைத் திரும்பப் பெற்றது. கடையை மறுக்கும் நிறுவனமும் செயலியைத் திணிக்கும் அரசும் ஒரே கருதுகோளில் நிற்கின்றன: கைபேசியின் உள்ளடக்கத்தை முடிவு செய்யும் அதிகாரம் அதை வாங்கியவருக்கு இல்லை என்பதே அது.

செய்யத்தக்கவை தெளிவானவை. முதலாவது, கூலி, உணவு, கல்வி, மருத்துவம் தொடர்பான எந்த அரசுச் சேவையும் செயலி வழியாக மட்டுமே கிடைப்பதாக இருத்தல் கூடாது. உலாவியிலும் காகிதத்திலும் அதே சேவை கிடைக்க வேண்டும். இரண்டாவது, அரசுச் செயலிகளின் நிறுவற்கோப்புகள் அந்தந்தத் துறையின் அதிகாரப்பூர்வத் தளத்தில், கையொப்பச் சான்றின் சரிபார்ப்பு எண்ணுடன் வெளியிடப்பட வேண்டும். ஒரு முறை நிறுவப்பட்ட செயலியை வேறு கையொப்பம் கொண்ட கோப்பு மேலெழுத ஆண்ட்ராய்டே அனுமதிப்பதில்லை. அந்தப் பாதுகாப்பு எக்கடைக்கும் உரிமையானதன்று. மூன்றாவது, 2024 மார்ச்சில் வெளியான எண்ணிமப் போட்டிச் சட்டவரைவு மீண்டும் விவாதத்துக்கு வர வேண்டும். 2023இல் நீக்கப்பட்ட நெறியுரைகளின் உள்ளடக்கம் சட்டவிதியாகவே அதில் இடம்பெற வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. வருகைப்பதிவு, விடுதி, தேர்வு முடிவு என ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலியை நிறுவச்சொல்லும் சுற்றறிக்கையில் கையெழுத்திடுமுன், அச்செயலியை நிறுவ இயலாத கைபேசி வைத்திருக்கும் மாணவர் என்ன செய்வார் என்று துறைத்தலைவர்கள் கேட்க வேண்டும். விடை இல்லையெனில் அச்சுற்றறிக்கை வெளிவரக் கூடாது. போட்டிச் சட்டம் பயிற்றும் வகுப்பறைகளில் 2022ஆம் ஆண்டின் ஆணையும் 2023ஆம் ஆண்டின் தீர்ப்பும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கப்பட வேண்டும். அவ்வழக்கைத் தொடங்கியவர்கள் அவ்வகுப்பறைகளை அண்மையில் கடந்தவர்களும் அங்கேயே அமர்ந்திருந்தவரும்தான்.