குடியை விட்டவரின் நாணயம்

நாணயம் என்னும் சொல்லைக் கடன் கணக்கிலும் மனிதர் நடத்தையிலும் ஒருங்கே வழங்கி வருகிறோம். குடியை விட்ட அங்கத்தினர் ஒருவர், மறுநாளே வீட்டாரும் சங்கத்தாரும் தம்மை முன்போல் நம்பவேண்டுமென எதிர்பார்ப்பதும், நம்பாதபோது மனங்கசந்து பழைய வழிக்கே திரும்புவதும் நம் ஊர்களில் கண்கூடு. இதில் வீட்டார்மீது குறை கூறுதல் நியாயமன்று என்பது நமது அபிப்பிராயம். பத்து முறை கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து, பத்து முறையும் மீறியவரின் பதினோராவது வாக்கை மனைவி எங்ஙனம் ஏற்பாள்?

1937-இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு இன்று இல்லை. 2003 முதல் டாஸ்மாக் கடைகளிலேயே சில்லறை விற்பனை நடைபெறுகிறது. ஆகவே கட்டுப்பாடு அவரவர் மனத்தைப் பொறுத்ததாயிற்று. ஆயினும் நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தக் கலக்கமும் நேரலாம்; உயிருக்கே அபாயமுண்டு. மருத்துவர் மேற்பார்வை அவசியம். உறக்கமின்மையும் சிடுசிடுப்பும் பல வாரங்கள் நீடிப்பதுண்டு. ‘குடித்தபோதே நல்லவராயிருந்தார்’ என்று வீட்டார் சலித்துக்கொள்வது இக்காலத்திலேதான்!

அமெரிக்காவில் 1935-இல் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தின் பன்னிரண்டு படிகளில் எட்டாவது, தம்மால் தீங்குற்றோரைப் பட்டியலிடுவது. ஒன்பதாவது, அவர்களுக்கு மேலும் தீங்கு நேராத வகையில் நேரில் ஈடுசெய்வது. மன்னிப்புக் கேட்பதோடு நில்லாமல் ஈடுசெய்யச் சொல்வதைக் கவனிக்க. அடகு வைத்த தாலிச் சரட்டை மீட்டுத் தருவதற்கு எந்தச் சொல்லும் இணையாகாது.

தம்மையே நம்ப இயலாத நிலைதான் இவர்களுக்குப் பெருந்துன்பம். ‘ஆயுள் முழுதும் தொடேன்’ என்பதைவிட, ‘இன்று மாலை ஆறு மணிக்குள் வீடு சேர்வேன்’ என்பது நிறைவேற்றத்தக்க வாக்கு. அதைக் காத்தவருக்கே நாளைய வாக்கைச் சொல்லத் துணிவு பிறக்கும். இடையில் சறுக்கினாலும் அன்றே ஒளிக்காமல் சொல்லிவிடல் நலம். வீட்டாரை அதிகம் புண்படுத்துவது பொய்யே.

சங்கம் செய்யத்தக்கது யாது? நெசவாளருக்கு முதலில் ஒரு பாவுக்குரிய நூல். துணி வந்து சேர்ந்தபின் அடுத்த பாவு. விவசாயிக்கு விதையும் உரமுமாகக் கடன். அவர் சம்மதித்தால் கூலியைக் கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் செலுத்தலாம். பணப்பெட்டிச் சாவியை உடனே ஒப்படைக்கவேண்டியதில்லை. ஆனால் பொதுக்கூட்டத்தில் பழைய குடியைச் சுட்டிக் கேலி பேசுவது அநாகரிகம். இத்தகையவரிடமிருந்து தவணை நீட்டிப்பு விண்ணப்பம் வருமாயின், நிராகரிக்குமுன் அவருடைய கடைசி மூன்று மாத உற்பத்திக் கணக்கைப் புரட்டிப் பார்க்குமாறு டைரக்டர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.