கணக்கப்பிள்ளை நம் லயத்திலிருந்தும் வரட்டும்

தோட்டத்தில் 'கணக்கு' என்றால் நமக்குப் பழகிய பொருள் ஒன்றுதான்: அவர்கள் எழுதுவார்கள், நாம் கையெழுத்து வைப்போம். கங்காணி காலத்தில் அது துண்டாக இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக நினைத்தவர், தன் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய துண்டோடுதான் போக முடியும். அந்தக் கடனை எழுதியவரும் நாமல்ல, கூட்டிப் பார்த்தவரும் நாமல்ல. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. செக்ரோல் நின்றது. கணக்கப்பிள்ளையும் பெரிய கிளாக்கரும் நின்றார்கள். பேரா, அரைப்பேரா, கைக்காசு எத்தனை கிலோவுக்கு என்பதை இன்றைக்கும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம்.

ஆகவே நம் பிள்ளைகளில் சிலர் கணக்கீட்டில் பட்டம் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, அதை வெறும் வேலைவாய்ப்புச் செய்தியாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. சங்க வேலையாக யாழ்ப்பாணம் போன சமயத்தில் அவர்களைப் பார்த்துப் பேசினோம்.

காங்கேசன்துறை வீதியில் இணுவிலைத் தாண்டினால் மருதனார்மடம் சந்தி. சந்தையும் ஆஞ்சநேயர் கோயிலும் அங்கே பேர்போனவை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசை, நடனப் படிப்பும் அங்கேதான் நடக்கிறது. மருதனார்மடம் என்றால் நம்மவர்களுக்குப் பாட்டும் பரதமும் ஞாபகம் வருவது அதனால்தான். நாங்கள் பார்த்த பிள்ளைகள் மூவர். இருவர் சங்கீதம் படிக்க வந்தவர்கள். மூன்றாமவர் வணிகம். வாடகை குறைவு என்று அவர்களோடு ஒரே அறையில் இருந்துகொண்டு, தினமும் பஸ்ஸில் திருநெல்வேலிக்கு, முகாமைத்துவ பீடத்துக்குப் போய்வருகிறார். மூவரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள்.

அவர்கள் நடமாடும் இரண்டு இடங்களும் இராமநாதன் கைபட்டவை. திருநெல்வேலியில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது அவர் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில். எல்லோருக்கும் வாக்குரிமை என்ற யோசனையை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. கொழுந்து பறிப்பவரின் மகள் அங்கே ஐந்தொகை தயாரிக்கப் படிக்கிறாள் என்பது நமக்கு ஒரு தனிச் சந்தோஷம்தான்.

"எங்க அம்மா சம்பளத் துண்ட நான்தான் வாசிப்பேன். பக்கத்து லயத்து அக்காமாரும் கொண்டாந்து குடுப்பாங்க" என்றார் அந்தப் பிள்ளை. நாங்கள் கேட்காமலே வந்த பேச்சு அது. ஒரு தாளை எடுத்து எழுதியும் காட்டினார்.

2024 செப்டெம்பர் வர்த்தமானி அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக நிர்ணயித்தது. ஒரு மாதத்தில் 22 பேர் என்றால் 29,700 ரூபா. இதில் ஈ.பீ.எப்.புக்கு நம்மிடம் பிடிப்பது 8 வீதம், 2,376 ரூபா. நிர்வாகம் தன் பங்காகப் போட வேண்டியது 12 வீதம், 3,564 ரூபா. ஈ.டீ.எப். 3 வீதம், 891 ரூபா. இது முழுக்க நிர்வாகத்தின் பணம், நம்மிடம் பிடிக்கக் கூடாது. சம்பளம் மாறினால் தொகை மாறும், வீதம் மாறாது. நம்மிடம் பிடித்த 8 வீதம் துண்டில் தெரியும். மற்ற இரண்டும் நிதியத்துக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பதைத் துண்டைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது; நிதியத்தின் கணக்குக் கூற்றோடு ஒப்பிட வேண்டும். அரச நிர்வாகத்திலுள்ள ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத் தோட்டங்களில் ஈ.பீ.எப். நிலுவை எத்தனை ஆண்டு இழுபட்டது என்பதை அங்குள்ள நம் உறுப்பினர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்தது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தில் கணக்குப் பார்க்க வேண்டும். 1,350 ரூபாவில் ஓய்வுபெறும் ஒருவருக்கு 25 வருடச் சேவை இருந்தால் 4,72,500 ரூபா. நம் அம்மாக்களில் எத்தனை பேர் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டுக் காசோலையை வாங்கியிருப்பார்கள்?

இதுவரை சொன்னதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை, எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும். பட்டம் வேண்டியிருப்பது சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில்.

2016இல் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, 2019இல் 700 ரூபா. நாம் கேட்ட ஆயிரம், 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது. 2024 மே மாதம் 1,700 என்று வர்த்தமானி வந்தபோது கம்பனிகள் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கின. ஒவ்வொரு முறையும் கம்பனிகள் சொன்னது ஒரே வார்த்தை: நட்டம். நாம் திருப்பிச் சொன்னதும் ஒரே வார்த்தை: பொய். நட்டம் என்றவர்களிடம் தாள் இருந்தது. நம்மிடம் ஊர்வலம் இருந்தது. ஊர்வலம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது இல்லாமல் ஆயிரம் வந்திருக்காது. ஆனால் அந்தத் தாளை வாசிக்க நம் பக்கத்தில் ஆள் வேண்டும்.

அது இரகசியத் தாளுமல்ல. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளில் பெரும்பாலானவை கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவானவை. அவற்றின் ஆண்டறிக்கையை யாரும் எடுத்துப் பார்க்கலாம். எங்கே பார்க்க வேண்டும் என்பதில்தான் படிப்பு இருக்கிறது. இலாபம் எவ்வளவு என்ற வரி முன்பக்கத்தில் இருக்கும். தன்னை நடத்தும் தாய்க் கம்பனிக்கு முகாமைக் கட்டணமாக எவ்வளவு கொடுத்தது என்பது பின்னால், 'தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல் வாங்கல்' என்ற குறிப்பில் இருக்கும். தோட்டத்தில் நிற்கும் மரங்களின் பெறுமதி கூடினால் அதுவும் இலாபத்தில் சேரும். கையில் காசு வந்திருக்காது. நம்முடைய சேவைக்காலப் பணம், கொடுக்கவேண்டிய பொறுப்பாக அதே ஐந்தொகையில் எழுதப்பட்டிருக்கும். சம்பளம் ஏறினால் அந்தப் பொறுப்பும் உடனே ஏறும் என்று கம்பனிகள் சொல்வது உண்மைதான். அதையும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எது உண்மை, எது கூட்டிச் சொன்னது என்று பிரித்துக் காட்டுகிறவர் பக்கத்தில் இருந்தால் நம் தலைவர்கள் குரலை உயர்த்தாமலே பேசலாம்.

1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று முதல் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யர், இலங்கைக்கு வருமுன் தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' என்று வணிகப் பத்திரிகை நடத்தியவர். வணிகம் தெரிந்த ஒருவரின் கையில்தான் நம் சங்க வாழ்க்கையே ஆரம்பித்தது. அந்தக் கல்வி பிறகு ஏனோ நம்மைவிட்டு மற்றவர் பக்கம் போய்விட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாததால் நம் பாடசாலைகளில் பல உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு நடத்துவதில்லை. வணிகப் பிரிவுக்கு ஆய்வுகூடம் வேண்டாம். கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் மூன்றுக்கும் நல்ல ஆசிரியர் கிடைத்தால் போதும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் நுவரெலியா, பதுளை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வாசல் அகலமில்லை, ஆனால் திறந்திருக்கிறது.

உள்ளே போன பிறகு கஷ்டம் வேறு மாதிரி. வருமதி, சென்மதி, பெறுமானத் தேய்வு, பேரேடு என்று தமிழில் படித்துப் பரீட்சை எழுதிய பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலத்தில். "கணக்கு எனக்கு வெளங்கும் ஐயா, கேள்விதான் வெளங்காது" என்று அந்தப் பிள்ளை முதலாம் வருடத்தைப் பற்றிச் சொன்னார். இப்போது மூன்றாம் வருடம், சமாளித்துவிட்டார். சமாளிக்க முடியாமல் முதல் விடுமுறையில் வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வராததும் உண்டு.

பணமும் இடிக்கிறது. மகாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகக் கூடியது. அறை வாடகை, சாப்பாடு, பஸ், போட்டோக்கொப்பி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்குப் போய்வர இரவு பஸ் காசு எல்லாவற்றுக்கும் அது எம்மாத்திரம்? பாக்கியை அம்மா தீபாவளி முற்பணத்திலும் சீட்டுக் காசிலும் அனுப்புகிறார். "நாலு வருசம் என்னத்துக்கு, கொழும்புல கடையில கணக்கு எழுதினா மாசம் காசு வருமே" என்று மாமா சொல்கிறாராம். மாமா சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

வெட்டுப்புள்ளி சிலதில் தவறியவர்களுக்கு உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா இருக்கிறது. யாழ்ப்பாணம் உட்படப் பல நகரங்களின் உயர் தொழில்நுட்ப நிறுவகங்களில் அது நடக்கிறது. அதைப் பட்டத்துக்குச் சமமாக அங்கீகரிக்கக் கேட்டு 2015 ஒக்டோபர் 29இல் கொழும்பில் ஊர்வலம் போன மாணவர்கள் பொலிஸாரின் தடியடியும் கண்ணீர்ப்புகையும் பட்டார்கள். சேரும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு சேரட்டும். சேர வேண்டாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

நம் சங்கத்திடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. மாதாமாதம் செக்ரோலில் பிடித்து வரும் சந்தாவில் ஒரு பங்கை வணிகம், கணக்கீடு படிக்கும் தோட்டப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பிள்ளைகள் சும்மா இருக்கும் மாதங்களில் சங்கக் கட்டடத்திலேயே ஆங்கில வகுப்பு நடத்தலாம். நீண்ட விடுமுறையில் வருகிறவர்களுக்குச் செலவுக்காசு கொடுத்து மாவட்டக் காரியாலயத்தில் உட்காரவைத்தால் ஈ.பீ.எப்., சேவைக்காலப் பண முறைப்பாடுகளைக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அடுத்த சம்பளப் பேச்சுக்கு முன், நம் உறுப்பினர்கள் அதிகமுள்ள இரண்டு கம்பனிகளின் ஐந்து வருட ஆண்டறிக்கையை அவர்களிடம் கொடுத்து, தமிழில் நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லலாம். பட்டம் முடிந்தவர்களில் ஒருவரையாவது சங்கம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வங்கி கொடுக்கும் சம்பளத்தை நம்மால் கொடுக்க முடியாது என்பார்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கிறோமே.

சங்கத்தின் வரவு செலவையும் அதே பிள்ளைகள் பார்த்து மகாசபையில் வாசிக்கட்டும். தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி பதிவாளருக்கு வருடாவருடம் அனுப்பும் கணக்குத்தான், உறுப்பினர் காதிலும் விழுவதில் என்ன தடை?

உங்கள் தோட்டத்தில் வணிகப் பிரிவிலோ பட்டத்திலோ டிப்ளோமாவிலோ கணக்கீடு படிக்கும் பிள்ளை இருந்தால் பெயர், தோட்டம், படிக்கும் இடம், வருடம் நான்கையும் ஒரு தாளில் எழுதித் தோட்டத் தலைவர், தலைவி யாரிடமாவது கொடுங்கள். சம்பளத் துண்டுகளைக் கிழித்துப் போடாமல் வருடவாரியாகக் கட்டி வையுங்கள். ஏப்ரல் விடுமுறைக்கு மருதனார்மடத்திலிருந்து வரும் பிள்ளை, முதல் வாரம் நம் காரியாலயத்தில் உட்கார ஒத்துக்கொண்டிருக்கிறார்.